கழற்ற ஒரு சனிக்கிழமை, மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை

வண்டிக் கேள்விகள்: அல்சூர் மேஸ்திரி பதில்கள்

இந்தத் தடவை தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றில் முக்கால்வாசி கிளட்ச் கேள்விகள். ஆச்சரியமில்லை. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு தரம் மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் இடது கால் எத்தனை முறை அமுங்கி எழுகிறது என்று நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதனால் இந்த இதழ் முழுக்க கிளட்ச்தான். பேட்டரி பற்றியும் ஏ.சி. பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அப்பா வாங்கிய 2012 ஆல்டோ என்னிடம் இருக்கிறது. 81,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. கேரேஜில் காட்டினேன். போனட்டைக்கூடத் திறக்காமல் “க்ளச் ஹோய்த்து சார்” (கிளட்ச் போச்சு சார்) என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். வீடியோ பார்த்து நானே மாற்றலாம் என்று ஆசை. தனி வீடு, வாசலில் சிமென்ட் தரை. முடியுமா மேஸ்திரி?
(ஒரு வாசகர், கம்மனஹள்ளி)

பதில்: முடியும் தம்பி. ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. கிளட்ச் பெடலைக் காலால் மிதிக்காமல் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே கொஞ்ச தூரம் லேசாக, எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இருக்கும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் சரியான அளவு போட்டிருப்பார்கள். இதைத்தான் நாங்கள் ‘ஃப்ரீ பிளே’ என்போம். உங்கள் வண்டியில் கிளட்ச்சை இழுப்பது ஒரு கேபிள். கிளட்ச்சுக்குள் உராய்ந்து பிடிக்கும் தட்டான பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் தளர்வே இல்லாமல் போய்விட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கேபிள் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். அப்போது நல்ல பிளேட்கூட வழுக்கும். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் நுனியில் இருக்கும் நட்டைத் தளர்த்தினால் சரியாகிவிடும். எட்டாயிரம் எஸ்டிமேட்டோடு வந்த வண்டியை ஒரு ஸ்பானரும் ஒரு டீயுமாகத் திருப்பி அனுப்பிய நாட்கள் எனக்கு உண்டு. அந்த வண்டிக்காரர்கள் பிற்பாடு என்னை விட்டு நகரவே இல்லை, அது வேறு கதை.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால் அடுத்த சோதனை. சமதரையில் நிறுத்தி, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கை பிரேக்கை முழுசாக இழுங்கள். ஸ்டார்ட் செய்து மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையாமல் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் போய்விட்டது. ஒரு முறை போதும். நண்பர்களுக்குக் காட்டுகிறேன் என்று நாலு முறை செய்தால் மிச்சமிருப்பதும் கருகிவிடும்.

சரி, பிளேட்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச்சை மாற்றுவது வெறும் ஆறு போல்ட் வேலை. அந்த ஆறு போல்ட்டைக் கண்ணால் பார்ப்பதுதான் வேலை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அது ஒளிந்திருக்கிறது. பேட்டரி, கேபிள்கள், ஸ்டார்டர் மோட்டார், கியர் ராடு, இரண்டு ஆக்ஸில் எல்லாவற்றையும் விலக்கி, கியர்பாக்ஸைப் பக்கவாட்டில் நகர்த்திக் கீழே இறக்கினால்தான் தரிசனம். கேரேஜில் வாங்குகிற கூலி இந்தப் போக்குவரத்துக்குத்தான். கிளட்ச் செட் போன மாதம் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் உங்கள் வண்டிக்கு மூவாயிரத்தைச் சுற்றிச் சொன்னார்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

உங்களிடம் மூன்று இருக்கின்றனவா என்று பாருங்கள். கெட்டியான சமதரை, கூட ஒரு ஆள், கடைக்குப் போய்வர இன்னொரு வண்டி. முதலாவது இருக்கிறது என்கிறீர்கள். மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. கழற்றிப் போட்ட காரில் ஆயில் சீல் வாங்கப் போக முடியாது. சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எது கெட்டிருக்கிறது என்று கழற்றிய பிறகுதான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஜே.சி. ரோட்டில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். சனி மாலைக்குள் சாமான் கையில் வந்துவிட வேண்டும்.

இப்போது பயமுறுத்தப் போகிறேன். 1976-இல் எனக்குப் பதினைந்து வயது. சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் உஸ்தாத் (தொழில் குரு) ஒருவரிடம் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் கெரசினில் போல்ட் கழுவுவது மட்டும்தான் வேலை. வண்டிக்கு அடியில் போகவே விடமாட்டார். ஒரு நாள் பெரிய பையன் ஒருவன் ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தியிருந்தான். உஸ்தாத் ஒன்றும் பேசாமல் அதே மாதிரி இன்னொரு பிளாக்கை எடுத்துவந்து சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினார். பிஸ்கட் மாதிரி உடைந்தது. செங்கல்லும் அப்படித்தான். விரிசல் விட்டு எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது, ஒரே நொடியில் பொடியாகும். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்ட் இரண்டை, சேசிஸில் அதற்கென்று காட்டியிருக்கும் இடத்தில் வைத்து இறக்குங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிறகு வண்டியைத் தோளால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்க வேண்டாம், கேரேஜுக்கே கொடுத்துவிடுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்டார்டர் மோட்டாருக்குப் போகும் தடி வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடியில் பட்டால் வெல்டிங் அடித்தது போலப் பொறி பறக்கும். கியர் ஆயிலை வடித்துவிட்டு ஆக்ஸிலை எடுங்கள், வடிக்காமல் எடுத்தால் சட்டையில் வடியும். ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் கியர்பாக்ஸின் படத்தைக் குத்துமதிப்பாக வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ படத்தில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். கியர்பாக்ஸ் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை போல்ட் இடத்தில் நீள போல்ட்டைப் போட்டு முறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போட்டோவும் எடுங்கள், ஆனால் போட்டோவிலிருந்து போல்ட்டை எடுக்க முடியாது.

கியர்பாக்ஸ் மவுன்ட்டைக் கழற்றும் முன் இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் மெல்லிய தகடு, ஜாக்கி நேராகப் பட்டால் குழி விழும். நடுவில் அகலமான பலகை ஒன்று வையுங்கள். கியர்பாக்ஸுக்குத் தனி ஜாக்கி. அதை நெஞ்சில் வாங்கி இறக்குகிற வீடியோக்களை நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

இறக்கியாயிற்றா? உள்ளே கறுப்பாகப் பொடி அப்பியிருக்கும். ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய காலத்து லைனிங்கில், அதாவது பிளேட்டின் உராய்வுப் பரப்பில், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். இன்றைய பிளேட்டில் இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு பிளேட் உராயும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலைப் பாருங்கள். நகத்தால் கீறினால் பள்ளம் தட்டுப்பட்டாலோ, நீலம் பாரித்த திட்டுகள், மயிரிழை விரிசல்கள் இருந்தாலோ, கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். நூற்றுக்கணக்கில் விலை உள்ள சீல் அது. இப்போது சோம்பல்பட்டு விட்டால் ஆறு மாதத்தில் புது பிளேட் ஆயிலில் நனைந்து, இதே சனி ஞாயிறு மறுபடி வரும்.

கடைக்குப் போகும்போது பழைய பிளேட்டைப் பையில் எடுத்துப் போங்கள். விட்டம், நடுத்துளையின் பல் எண்ணிக்கை இரண்டையும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். பிளேட், அதை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் வாங்குங்கள். வேலியோ, லூக், எக்செடி என்று எந்தக் கம்பெனியானாலும் சரி, பில்லோடு வாங்குங்கள். பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பேரிங்குக்காக இன்னொரு முறை இவ்வளவையும் இறக்குவீர்களா? கியர் ஆயில் வாங்கும்போது புத்தகத்தில் ஜி.எல்.-4 என்று ஆயில் தரக் குறியீடு இருந்தால் அதையே கேளுங்கள். “ஜி.எல்.-5 இன்னும் உசத்தி” என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். சில ஜி.எல்.-5 ஆயிலில் இருக்கும் கந்தகச் சரக்கு, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும்.

மாட்டும்போது கை சுத்தம் முக்கியம். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைத் தின்னரால் துடைத்தெடுங்கள். பிளேட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் போடலாம், ஆனால் கண்ணுக்கு மை இடுகிற அளவுதான். மிஞ்சினால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் ஒட்டும். பிளேட்டின் நடுக்குமிழ் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பல பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியே இருக்கும். பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். நாங்கள் அந்தக் காலத்தில் துடைப்பக் கட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றி அளவு சரிசெய்வோம், அதுவும் வேலை செய்யும். ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று வீதம் முறுக்கிக்கொண்டே வாருங்கள்.

கடைசியாக, கியர்பாக்ஸை ஏற்றுவது. இங்கேதான் எல்லாருக்கும் பொறுமை போகும். எனக்கும் போனது. 1987-இல் ஒரு டாக்டரின் மாருதி 800. அந்த வண்டி வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை, அலுமினிய கியர்பாக்ஸ் எங்களுக்குப் புதுசு. ஷாஃப்ட் பிளேட்டுக்குள் முழுசாக இறங்கவில்லை, விரல் நுழைகிற இடைவெளி நின்றது. இருட்டிவிட்டது. மூன்று போல்ட்டை மாட்டி முறுக்கினால் தானாக உள்ளே போய்விடும் என்று முறுக்கினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸில் போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்து என் கழுத்தில் விழுந்தது. என் மூன்று மாதச் சம்பளம் அது. உஸ்தாத் திட்டவில்லை, “ஜல்தி நக்கோ போலா நா” என்று மட்டும் சொன்னார். அவசரம் வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னேனே என்று அர்த்தம். இடைவெளி நின்றால் போல்ட்டால் இழுக்கவே கூடாது. கியர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஆக்ஸில் பக்கம் மெல்லத் திருப்பித் திருப்பி, கியர்பாக்ஸை இன்ஜினோடு ஒரே கோட்டில் வைத்து ஆட்டுங்கள். பல்லும் பல்லும் சந்தித்தால் வெண்ணெய் மாதிரிப் போய் உட்காரும். அதுவரை அதன் பாரத்தை ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள், புது பிளேட்டின் நடு வளைந்துவிடும். கை சோர்ந்தால் ஜாக்கியில் வைத்துவிட்டு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

புது ஆயில் ஊற்ற மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

*

கேள்வி: என் கணவர் கார் கிளட்ச்சை அவரே மாற்றுகிறேன் என்று எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வண்டியைப் பிரித்துப் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஆபீஸ் வேலை வந்துவிட்டதாம். அசோசியேஷன் செகரெட்டரி தினமும் என்னைத்தான் பார்த்து முறைக்கிறார். வாளியில் கறுப்பு எண்ணெய் வேறு நிற்கிறது. நான் யாரிடம் சொல்வது?
(ஒரு வாசகி, மாரத்தஹள்ளி)

பதில்: என்னிடம் சொன்னதே போதும் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பிரிக்கும்போது இருக்கிற உற்சாகம் மாட்டும்போது இருக்காது, இது எங்கள் தொழிலிலேயே உள்ள வியாதி.

இன்று மாலை அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போங்கள். ஆக்ஸில் எடுத்த ஓட்டைகளில் சுத்தமான துணியைத் திணிக்கச் சொல்லுங்கள், இருபத்திரண்டு நாள் பேஸ்மென்ட் தூசி கியர்பாக்ஸுக்குள் போனால் பிறகு செலவு கிளட்ச்சோடு நிற்காது. ஃப்ளைவீல் துருப்பிடித்திருக்கும், நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். வண்டி வெறும் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தால் மட்டும் இன்றைக்கே ஸ்டாண்ட் வாங்கிவரச் சொல்லுங்கள். பேஸ்மென்ட்டில் குழந்தைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், பந்து அடியில் உருளும்.

அந்த வாளி எண்ணெயைத் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே ஏரிக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் ஊற்றி, ஆயில் மாற்றும் ஏதாவது ஒரு கேரேஜில் கொடுத்தால் பழைய ஆயிலோடு சேர்த்துக்கொள்வார்கள். செகரெட்டரிக்கு ஒரு தேதி சொல்லிவிடுங்கள். தேதியைச் சொல்வது நீங்களாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரர் கண்டிப்பாக முடித்துவிடுவார்.

*

கேள்வி: கிளட்ச்சை நானும் மச்சானும் சேர்ந்து மாற்றினோம். வண்டி பழைய 800. இன்ஜின் ஆஃப் செய்திருந்தால் எல்லா கியரும் விழுகிறது. ஸ்டார்ட் செய்துவிட்டால் ஒரு கியரும் விழவில்லை. ரிவர்ஸில் கரகரவென்று சத்தம். மச்சான் கியர்பாக்ஸ் போச்சு என்கிறான்.
(ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: கியர்பாக்ஸுக்கு ஒன்றும் இல்லை. கிளட்ச் விடுபடவில்லை, அவ்வளவுதான். இன்ஜின் சுற்றும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றிக்கொண்டிருந்தால் பல் எப்படி விழும்? உறுதிப்படுத்திக்கொள்ள, இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி மச்சானைத் தள்ளச் சொல்லுங்கள். வண்டி நகரவில்லை என்றால் நான் சொன்னதுதான்.

காசில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். கேபிள் ரொம்பத் தளர்வாக இருக்கிறதா, உறை மடங்கியிருக்கிறதா, முனை சரியாகக் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். அடுத்து, கியர்பாக்ஸ் மேல் உள்ள கிளட்ச் லீவரைக் கேபிள் இல்லாமல் கையால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று போனால் உள்ளே அதைத் தள்ளும் கவையான ஃபோர்க்கிலிருந்து ரிலீஸ் பேரிங் நழுவியிருக்கிறது.

இரண்டும் சரியாக இருந்தால் என் சந்தேகம், பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டீர்கள். நடுக்குமிழின் புடைத்த பக்கம் ஃப்ளைவீலைப் பார்த்து உட்கார்ந்தால் அது ஃப்ளைவீல் போல்ட்டுகளில் முட்டிக்கொள்ளும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிளேட்டுக்கு விலக இடம் இருக்காது. மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும். மனசு தளர வேண்டாம். ஒரு அம்பாசிடரில் நானும் இதைச் செய்திருக்கிறேன். இறக்கிப் பார்த்தபோது உஸ்தாத் தன் தொப்பியைத் திருப்பி முன்பக்கம் பின்னால் வருவது போல வைத்துக்கொண்டு அன்று முழுக்க என் எதிரிலேயே நடமாடினார். முதல் தடவை உங்களுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தால் இந்தத் தடவை அரை நாள்தான் ஆகும். மச்சானை விட்டுவிடாதீர்கள்.

*

கேள்வி: எனக்கு ஏ.எம்.டி. கார். கிளட்ச் பெடலே கிடையாது. ஆனால் மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது ரப்பர் கருகுவது போல வாடை வருகிறது. பெடலே இல்லாத வண்டியில் கிளட்ச் எப்படிக் கருகும்?
(ஒரு வாசகி, பொம்மனஹள்ளி)

பதில்: பெடல்தான் இல்லை, கிளட்ச் இருக்கிறது. உங்கள் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கால் உள்ளே மிதிக்கிறது. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் பிளேட்டும்தான்.

சரிவில் நிற்கும்போது பிரேக்கை மிதிக்காமல், வண்டி பின்னால் போகாத அளவுக்கு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது பிளேட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்ந்துகொண்டே இருக்கும். வாடை அதிலிருந்துதான். பிரேக்கில் நில்லுங்கள், நேரமாகும் என்றால் நியூட்ரலில் போட்டுக் கை பிரேக். முன்னால் போகிறவர் இரண்டடி நகர்ந்தால் நீங்களும் இரண்டடி ஊர வேண்டாம். ஒரு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே தடவையாக நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். இந்த ஊரில் யார் அடிக்கவில்லை?

இந்த வகையை மட்டும் வீட்டில் கழற்ற ஆசைப்படாதீர்கள், உங்கள் வீட்டு ஆண்களையும் விடாதீர்கள். கழற்றுவது, மாட்டுவது எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் புது பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் வைத்து அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி குலுங்கும், அல்லது நகரவே நகராது.

*

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் ‘உய்ய்’ என்று சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.
(ஒரு வாசகர், கோலார் தங்கவயல்)

பதில்: ரிலீஸ் பேரிங். இதற்கு நேர்மாறாக, மிதித்தால் நின்று, காலை எடுத்தால் சத்தம் வந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங். உங்களுடையது முதலாவது. கிளட்ச் மாற்றும்வரை ஓட்டலாம், ஆனால் சிக்னலில் மிதித்தபடியே நிற்காதீர்கள். அந்த பேரிங் உழைப்பது மிதிக்கும்போது மட்டும்தான்.

*

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருடம். கிளட்ச் பிளேட்டின் நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரிங் நாலைந்து இருக்கின்றன. பிளேட் சுற்றுகிற திசையில் அவை படுத்திருக்கின்றன. அமுக்குகிற வேலையைத்தான் பிரஷர் பிளேட் செய்கிறதே, இவை எதற்கு? வகுப்பில் கேட்டால் ‘டாம்பர்’ என்று எழுதிக்கொள் என்றார்கள்.
(ஒரு மாணவர், ஆஸ்டின் டவுன்)

பதில்: நல்ல கேள்வி, படுத்திருப்பதைக் கவனித்தாயே. இன்ஜின் ஒழுங்காகச் சுற்றுகிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அது தள்ளித் தள்ளித்தான் சுற்றுகிறது. மூன்று சிலிண்டர் வண்டி என்றால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் மூன்று முறை வெடிப்பு, மூன்று முறை உதை. அந்த உதை அப்படியே கியர் பல்லில் போய் அடித்தால் கியர்பாக்ஸ் முழுக்க லொடலொடக்கும், பல்லும் சீக்கிரம் போகும். தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைக்கும்போது நடுவில் துணிச் சும்மாடு வைப்பார்களே, அந்த மாதிரி. லைனிங் உள்ள வெளிவட்டமும் பல் உள்ள நடுக்குமிழும் ஒரே துண்டு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இந்த ஸ்பிரிங்குகள் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்து உதையை வாங்கிக்கொள்கின்றன, டாம்பர் என்பது இதுதான்.

இன்னொரு சும்மாடும் உண்டு. இரண்டு பக்க லைனிங்குக்கும் நடுவில் அலையலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும். நீ காலை எடுக்கும்போது வண்டி தூக்கிப்போடாமல் மெல்ல நகர்வது அதனால்தான்.

ஏதாவது ஷெட்டில் பழைய பிளேட் ஒன்று கேட்டு வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார். ஸ்பிரிங் கலகலவென்று ஆடினால் அது செத்த பிளேட். இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதுதான், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

*

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. 1998 மாருதி 800 வைத்திருக்கிறேன். கிளட்ச் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேரன் ஊரிலிருந்து வருகிறான், இருவரும் சேர்ந்து வீட்டிலேயே செய்யலாம் என்று திட்டம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் வீடு. நீங்கள் வந்து பக்கத்தில் நிற்பீர்களா?
(ஒரு வாசகர், அல்சூர்)

பதில்: திருவள்ளுவர் சிலையிலிருந்து எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், நடந்தே வந்துவிடுவேன். நிற்பது கஷ்டம், இடது முட்டி போய்விட்டது. ஒரு நாற்காலி போடுங்கள். அடியில் படுப்பது பேரன், மேலே டார்ச் பிடிப்பது நீங்கள், போல்ட் கழுவுவது நான். ஸ்டாண்ட் என்னிடம் இரண்டு இருக்கிறது, எடுத்து வருகிறேன்.